பூச்சி உருண்டை

பிளாக்டவுனில் ரெயில் ஏறியதும் இரஞ்சிதம் செய்கிற முதல் வேலை பக்கத்து ஆசனத்தில் தன் கைப்பையை வைப்பதுதான். இரண்டு ஸ்டேஷன் தள்ளி டூங்கபியில் வைதேகி ஏறுவாள். அவள் வந்து உட்காரும்வரை யார் வந்து முறைத்தாலும் அந்த இடத்தை விடுவதில்லை என்பது போன வருடத்திலிருந்து நடந்துவந்த ஏற்பாடு. எழுபத்தேழாம் ஆண்டு ஜூலை மாதத்துக் குளிர்காலை ஒன்றில் இரஞ்சிதம் முதல்முறையாகக் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள். செவன் ஹில்ஸில் ஏறிய தடித்த மனிதர் ஒருவர் அந்த இடத்தில் உட்கார்ந்து பத்திரிகையை அவள் மூக்குவரை விரித்தார். டூங்கபியில் ஏறிய வைதேகி நிலைமையைப் பார்த்தாள். பரவாயில்லை அக்கா என்று சிரித்துக்கொண்டே கம்பியைப் பிடித்தபடி நின்றாள். ரெயில் ஸ்டேஷனைத் தாண்டியிருக்காது, எதிர்ப்பக்கத்துக் கிழவர் ஒருவர் எழுந்து தொப்பியைத் தொட்டு அவளுக்கு இடம் கொடுத்துவிட்டார். ஆஸ்திரேலியாவுக்கு வந்த நாலு வருடத்தில் இரஞ்சிதத்துக்காக ஒருவரும் எழுந்ததில்லை. கொடுத்துவைத்தவளுக்குப் போகிற இடமெல்லாம் கதிரை போட்டிருக்கும் என்று மனதுக்குள் கறுவிக்கொண்டாள்.

காரணமில்லாத பொறாமை என்று சொல்லிவிட முடியாது. காரணம் இருந்தது. அந்தக் காரணத்தை அவளே கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள், அதுதான் வயிற்றெரிச்சல்.

யாழ்ப்பாணத்தில் இரஞ்சிதம் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் விலங்கியல் படிப்பித்தவள். வகுப்புக்குள் அவள் கால் வைத்தால் கடைசி வாங்கில்கூடச் சத்தம் அடங்கிவிடும். கணவன் வரதராஜாவுக்கு ரெயில்வேயில் வரைபடம் வரைகிற வேலை கிடைத்து சிட்னிக்கு வந்த பிறகு அவளுடைய பட்டம் சுவரில் தொங்கும் படமாகிவிட்டது. ஒரு வருடம் பிஸ்கட் தொழிற்சாலையில் தலைமயிருக்கு வலை போட்டுக்கொண்டு நின்றாள். உடைந்த பிஸ்கட்டைப் பொறுக்கி வேறாகப் போடுவது வேலை. அந்த ஒரு வருடத்தில் ஊருக்கு எழுதிய எந்தக் கடிதத்திலும் தன் உத்தியோகம் என்னவென்று அவள் எழுதவில்லை. அதற்குப் பிறகுதான் பரமட்டாவுக்குக் கிட்ட இருந்த விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் உதவியாளர் வேலை கிடைத்தது. வெள்ளை மேலங்கியைப் போட்டு, நுணுக்குக்காட்டியின் முன் உட்கார்ந்த முதல் நாள் பின்னேரம் வீட்டுக்கு வந்து குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். சந்தோஷத்தில்தான்.

அங்கே நடந்த வேலை இதுதான். அப்பிள் இலையை உறிஞ்சிக் கருக்குகிற சிவப்புச் சிலந்திப்பேனுக்கு மருந்தடித்து மருந்தடித்துத் தோட்டக்காரர்கள் களைத்துப்போனார்கள். மருந்துக்கு அது பழகிவிட்டது. அதனால் அதைப் பிடித்துத் தின்கிற இன்னொரு பேனை அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து மரங்களில் விட்டார்கள். கண்ணுக்கு அது ஊசிமுனைப் புள்ளி. வெயில் காலம் முழுக்க நன்றாகத் தின்றது. குளிர்காலத்தைத் தாண்டுமா என்பதுதான் கேள்வி. இலை உதிரும் காலத்தில் ஆண்கள் எல்லாம் செத்துப்போகும். சினைப்பட்ட பெண்கள் மட்டும் கிளையிலிருந்து இறங்கி, பட்டை வெடிப்புக்குள் ஒடுங்கி, தின்னாமல் குடிக்காமல் நிறம் வெளுத்துக் கிடக்கும். வசந்தத்தில் எழுந்து ஏறினால் அடுத்த வருடத்துக்கும் காவல் இருக்கும். அதுகள் ஒளிய வசதியாக மரத்தின் அடியில் சாக்குப் பட்டிகளைச் சுற்றிக் கட்டினால், பட்டியோடு அவிழ்த்து வேறு தோட்டத்துக்கும் கொண்டுபோகலாம். பிற்பாடு வைதேகி வந்து ஆய்வுக்கூடத்தில் தமிழ் பேச ஆள் கிடைத்ததும் இரஞ்சிதமும் அவளும் இதுகளை நல்ல பேன், கெட்ட பேன் என்றே சொல்லிக்கொண்டார்கள். வரதராஜாவுக்கு இது வாய்க்கு அவல். வீட்டிலே பேன் பார்த்தால் ஒரு சதமும் வராது, அரசாங்கத்தின் தலையில் பார்த்தால் சம்பளம் வருகிறது என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

வைதேகியைச் சந்தித்தது பிளாக்டவுனில் ஒரு வீட்டுப் பூசையில். கோயமுத்தூர்ப் பிள்ளை, கல்யாணமாகி வந்து மூன்று மாதம். கணவன் கோபாலகிருஷ்ணன் காலையில் தொழிற்சாலைக்குப் போனால் இருட்டித்தான் வருவான். பகல் முழுக்க ரேடியோவோடு பேசிக்கொண்டிருக்கிறேன் அக்கா என்று அவள் சொன்னபோது கண் கலங்கியது. விவசாயக் கல்லூரியில் பூச்சியியல் படித்து முதுகலைப் பட்டம் வாங்கியவள் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. இரஞ்சிதத்துக்கு உருகிவிட்டது. பிஸ்கட் தொழிற்சாலைக்கு இந்தப் பிள்ளையும் போய்விடக்கூடாது என்று நினைத்தாள். அடுத்த கிழமையே தன் மேலதிகாரி மலோரியிடம் போய், எனக்குத் தெரிந்த கெட்டிக்காரப் பெண், பேன் எண்ணுவதற்கு இன்னொரு ஆள் வேண்டும் என்றீர்களே என்று சொன்னாள். வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் விட்ட கதை இதுதான் என்று பிற்பாடு எத்தனையோ தரம் நினைத்திருக்கிறாள். வைதேகி ஓணானும் இல்லை, குத்தவும் இல்லை. அது தெரிந்ததால் கோபம் இன்னும் கூடியது.

வைதேகி செய்த குற்றம் என்று எடுத்துச் சொல்ல ஒன்றும் கிடையாது. இரஞ்சிதம் ஒரு இலையை எண்ணி முடிக்கிற நேரத்தில் அவள் இரண்டை எண்ணினாள். மதியம் சாப்பிடும்போது சஞ்சிகைகளை வாசித்தாள். மலோரி குளிர்காலத்திலும் அரைக் காற்சட்டையும் முழங்கால்வரை காலுறையும் போடுகிற மனிதர், சிரிப்பதற்கும் அனுமதி கேட்கிறவர். அவரை அவள் சிரிக்கவைத்தாள். மலைத் தோட்டத்துக்குப் போனால் தோட்டக்காரர் அவளுக்கென்று ஒரு பை அப்பிள் எடுத்து வைத்திருப்பார். அவள் அதில் பாதியை இரஞ்சிதத்துக்குக் கொடுப்பாள், இரஞ்சிதம் வாங்கிக்கொள்வாள், அது இனிக்காது. ஒருநாள் மலோரி தோட்டங்களின் வரைபடங்களை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு இருவரும் நிற்கும்போதே, வைதேகி என்ற பெயரை வை என்று சுருக்கி, வை, நீ என்ன நினைக்கிறாய் என்று அவளிடம் மட்டும் கேட்டார். இரஞ்சிதம் மேசையின் மறுபக்கத்தில் பென்சில் சீவிக்கொண்டு நின்றாள். சீவிய பென்சிலையே மறுபடி சீவினாள்.

ஜூன் மாதத்தில் மூவரும் பில்பின் மலைத் தோட்டத்துக்குப் போய்ச் சாக்குப் பட்டிகளை அவிழ்த்து மூன்று மரப்பெட்டிகளில் அடுக்கினார்கள். ஒரு பெட்டி மலையிலேயே தோட்டக்காரரின் கொட்டகையில் இருந்தது. மற்ற இரண்டும் கீழே சமவெளிக்கு வந்தன. சமவெளியின் குளிர் மென்மையானது. பேன் உறக்கம் கலைந்து காலத்துக்கு முன்னே எழுந்துவிட்டால் தின்ன ஒன்றும் இருக்காது, பட்டினியில் சாகும். அப்படி நடக்குமா நடக்காதா என்று பார்க்க வேண்டும். சூடேற்றாத சாதாரண கராஜ்தான் சரியான இடம் என்று மலோரி சொன்னார். ஒரு பெட்டி பிளாக்டவுனில் இரஞ்சிதத்தின் கராஜுக்கும், ஒன்று டூங்கபியில் வைதேகியின் கராஜுக்கும் போயின. செப்டம்பர் நடுவில் தான் வந்து திறக்கும்வரை யாரும் மூடியைத் தொடக்கூடாது, வெளிச்சமும் கை வெப்பமும் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். வரதராஜா காரைத் தெருவில் விட்டார். பேனுக்குக் கூரை, காருக்குப் பனி என்று அதற்கும் ஒரு பகிடி.

இந்த நேரத்தில்தான் நிரந்தர வேலைச் செய்தி வந்தது. இருவரும் அதுவரை தற்காலிகம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அக்டோபரிலிருந்து ஒரு இடம் நிரந்தரமாகிறது, ஒன்றே ஒன்று, இருவரும் விண்ணப்பியுங்கள், ஆகஸ்ட் கடைசித் திங்கட்கிழமைக்குள் கொடுத்துவிடுங்கள் என்றார் மலோரி. மற்றவர் என்ன ஆவார் என்று அவர் சொல்லவில்லை, காலுறையை இழுத்துவிட்டுக்கொண்டார். இரஞ்சிதத்துக்குப் பிஸ்கட்டின் வாசனை மூக்கில் வந்தது. பெட்டிகளுக்கும் வேலைக்கும் சம்பந்தம் உண்டென்று யாரும் சொல்லவில்லை. அவளாகவே முடிச்சுப் போட்டுக்கொண்டாள். யாருடைய பெட்டியில் பேன் உயிரோடு எழுகிறதோ அவளுக்குத்தான் அந்த இடம். வேறு எதில் பார்த்தாலும் வைதேகி முன்னுக்கு நின்றதால், இரண்டு பேரும் ஒன்றும் செய்யாமல் காத்திருக்க வேண்டிய இந்த ஒன்றில்தான் தனக்குச் சமமான வாய்ப்பு இருக்கிறதென்று அவளுக்குப் பட்டது. கைப்பை மடிக்கு வந்தது அதற்கு அடுத்த நாள்.

ஆடிப்பெருக்கு வேலை நாளில் வந்தது. இந்த நாட்டில் பண்டிகைகளும் சனிக்கிழமை வரை பொறுத்திருக்கத்தான் வேண்டும். வைதேகி அந்தச் சனிக்கிழமை ஏழெட்டுக் குடும்பங்களைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள். யாழ்ப்பாணத்தில் ஆடிப்பிறப்புக்குக் கூழ் காய்ச்சுவதோடு சரி. இவர்களுக்கு ஆற்றில் தண்ணீர் பெருகுவது பண்டிகை. காவேரி இல்லாததால் வீட்டுக்குப் பின்னால் ஓடிய டூங்கபி ஓடைக்கு எல்லோரையும் கூட்டிக்கொண்டு போய், மஞ்சளும் பூவும் விட்டாள். ஓடையில் கணுக்கால் அளவு தண்ணீர், ஒரு பழைய டயர். இருந்தும் எல்லோருக்கும் மனம் குளிர்ந்துவிட்டது. என்ன ஒரு பிள்ளை, என்ன ஒரு யோசனை என்று பெண்கள் சொல்லிக்கொண்டு வந்தார்கள். வீட்டில் எலுமிச்சைச் சாதம், தேங்காய்ச் சாதம், புளிச்சாதம் என்று வரிசை. தான் இந்த நாலு வருடத்தில் ஒரு பத்துப் பேரைக்கூட ஒன்றாகக் கூப்பிட்டதில்லை என்பது இரஞ்சிதத்துக்கு நினைவு வந்தது. கூப்பிட்டிருந்தாலும் இப்படி வராது என்பதும் நினைவு வந்தது.

கதிரை போதவில்லை. மடக்குக் கதிரைகள் கராஜில் இருக்கின்றன என்று கோபாலகிருஷ்ணன் எழுந்தான். நல்ல பிள்ளை, கையில் சாதம் பிசைந்துகொண்டிருந்தான். நீங்கள் இருங்கள், நான் எடுத்து வாறன் என்று இரஞ்சிதம் முந்திக்கொண்டாள். கதிரைக்காகப் போகவில்லை என்பது போகும்போதே அவளுக்குத் தெரியும்.

கராஜில் கோயமுத்தூரிலிருந்து வந்த தகரப் பெட்டிகளும் சூட்கேஸ்களும் அடுக்கியிருந்தன. இடமே பூச்சி உருண்டை வாசனை. கோபாலகிருஷ்ணனுக்கு அது ஒரு பழக்கம் என்று வைதேகி ரெயிலில் சொல்லிச் சிரித்திருக்கிறாள். புடவை, கோட்டு, புத்தகம், சப்பாத்து என்று எதை எடுத்து வைத்தாலும் நாலு உருண்டையைப் போட்டுத்தான் மூடுவானாம். பேன் பெட்டி தட்டின் மேல் இருந்தது. தன்னுடையதைவிட நன்றாக வைத்திருக்கிறாளா என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். சுற்றிப் பார்த்துவிட்டு மூடியை இரண்டு விரல் அளவுக்குத் தூக்கினாள். வாசனை முகத்தில் அறைந்தது. சாக்குப் பட்டிகளுக்கு நடுவே, வெள்ளை வெளேரென்று, புதுப் பூச்சி உருண்டைகள் ஒரு பிடி கிடந்தன.

அவளுக்கு எல்லாம் உடனே விளங்கியது. சாக்கைப் பூச்சி அரித்துவிட்டால் மனைவி மேலதிகாரியிடம் ஏச்சு வாங்குவாளே என்று அந்த நல்ல மனிதன் போட்டிருக்கிறான். அவளுக்குச் சொல்லவும் தோன்றியிருக்காது. சூட்கேஸில் போடுகிறபோது சொல்கிறானா என்ன. வைதேகியோ பெட்டியைத் தொடக்கூடாது என்ற உத்தரவுக்குக் கட்டுப்பட்டவள். இந்தக் கராஜில் வாசனையை வைத்தும் கண்டுபிடிக்க முடியாது. உருண்டைகள் இன்னும் கரையத் தொடங்கவில்லை, நேற்றோ முந்தாநாளோ போட்டிருக்க வேண்டும். கரைந்து நெடி பரவினால் பேன் ஒன்றும் மிஞ்சாது, இப்போது எடுத்தால் ஒன்றும் கெட்டுப்போகாது. கையை உள்ளே விட்டு அள்ளிச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு போனால் யாருக்கும் தெரியாது. இல்லாவிட்டால் உள்ளே போய், வைதேகி, இங்கே ஒருக்கால் வாரும் என்று சொன்னால் போதும்.

சொன்னால், ஏன் திறந்தீர்கள் என்று கேட்பாள். கேட்கமாட்டாள், அவள் கேட்கிறவள் இல்லை, ஆனால் நினைப்பாள். அள்ளி எடுக்கலாம் என்றால் கை போகவில்லை. இரஞ்சிதம் மூடியை மெதுவாக இறக்கினாள். இரண்டு கதிரைகளை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தாள். முகத்தில் ஏதும் தெரிந்துவிடக்கூடாதே என்று எல்லோரையும்விடக் கூடுதலாகச் சிரித்துப் பேசினாள். பாயசம் வந்தது. குடித்து முடித்து, நல்லாயிருக்கு வைதேகி, இன்னும் கொஞ்சம் விடும் என்று கிண்ணத்தை நீட்டினாள். வைதேகிக்கு முகமெல்லாம் பூரிப்பு. அக்கா எங்கேயும் எதையும் இரண்டாம்தரம் கேட்டு வாங்கியதில்லை என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள்.

அதற்குப் பிறகு வந்த மூன்று கிழமையும் அவளுக்கு நல்ல நித்திரை கிடையாது. காலையில் எழுந்து பல் விளக்கும்போது இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைப்பாள். டூங்கபியில் வைதேகி ஏறும்போது நாளைக்குச் சொல்லலாம் என்று ஆகிவிடும். கைப்பை மறுபடி பக்கத்து ஆசனத்துக்குப் போனது, அந்த மட்டில் ஒரு பரிகாரம். நான் போட்டேனா, அவளுடைய புருஷன் போட்டதற்கு நான் என்ன செய்ய என்று ஒரு மனம் வழக்காடும். நீதானே கண்டாய் என்று மற்ற மனம் சொல்லும். நுணுக்குக்காட்டியில் கண்ணை வைத்தால் சாக்கு நூலின் இடுக்கில் ஒடுங்கிக் கிடக்கிற வெளுத்த புள்ளிகளே மனதில் தெரியும். சினையோடு கிடக்கிற உயிர்கள், பாவம் என்று தோன்றும். அடுத்த நிமிடமே, வைதேகியின் பெட்டியைத் திறக்கிறபோது மலோரியின் முகம் எப்படி இருக்கும் என்ற எண்ணம் வரும். அந்த எண்ணம் இனித்தது. அதையும் மறைக்கத் தேவையில்லை, நன்றாகவே இனித்தது. விண்ணப்பத்தை எழுதி, வரதராஜாவிடம் காட்டித் திருத்தி, மலோரியின் மேசையில் வைத்தாள். என்னப்பா, இப்பிடி இளைச்சுப்போனீர் என்று வரதராஜா கேட்டதற்குக் குளிர் என்று சொன்னாள்.

கடைசித் திங்கட்கிழமைக்கு முந்தைய வெள்ளி பின்னேரம், வீடு திரும்பும் ரெயிலில், விண்ணப்பம் கொடுத்துவிட்டீரா என்று வைதேகியிடம் கேட்டாள். கேட்காமல் இருந்திருக்கலாம்.

வைதேகி சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னாள்: "நான் போடலீங்க்கா. நீங்கதானே என்னைக் கூட்டிட்டு வந்தீங்க. அது உங்க எடம்."

படிவம் அலமாரியில் கிடக்கிறது, கிழிக்கவில்லை, ஆனால் கொடுக்கப்போவதில்லை என்றாள். கோபாலகிருஷ்ணனிடமும் சொல்லிவிட்டாளாம். வேறு எங்கேயாவது தனக்குக் கிடைக்கும், வயசு இருக்கிறது என்றாள். இதைச் சொல்லிவிட்டு, ஏதோ பருப்பு விலை பேசியதைப் போலக் கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

இரஞ்சிதத்துக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். மூன்று கிழமையாக நெஞ்சில் கிடந்த கல் இறங்கியிருக்க வேண்டும். வந்தது ஆத்திரம். வென்று வாங்க வேண்டியதைப் பிச்சையாகப் போடுகிறாளே என்று முதலில். அதற்குப் பின்னால் இன்னொன்று மெதுவாக எழுந்தது. எண்ணுவதில் முந்தினாள், சிரிக்கவைப்பதில் முந்தினாள், சமையலில் முந்தினாள், சரி. நல்லவளாக இருப்பதிலும் இவள்தான் முந்த வேண்டுமா? இப்படி ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு இவள் டூங்கபியில் இறங்கிப்போவாள், நான் பூச்சி உருண்டையை வைத்துக்கொண்டு பிளாக்டவுனுக்குப் போக வேண்டுமா? அன்றிரவு வரதராஜா குறட்டை விட்டுக்கொண்டிருக்கையில் அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். நாளைக்குப் போய்ச் சொல்லிவிடுவது. சொல்வதற்கு எவ்வளவு பெரிய மனம் வேண்டும் என்று வைதேகிக்கும் தெரியட்டும்.

சனிக்கிழமை காலை ரெயிலில் போகும்போது வார்த்தைகளை அடுக்கிப் பார்த்தாள். வைதேகி அழுவாள், இவள் தேற்றுவாள், இப்பவாவது சொன்னீங்களே அக்கா என்று அவள் கையைப் பிடித்துக்கொள்வாள். அதுவரைக்கும் நன்றாக அமைந்து வந்தது. இறங்கி நடந்து போனபோது கோபாலகிருஷ்ணன் வீட்டில் இல்லை, பரமட்டாவுக்குச் சாமான் வாங்கப் போயிருந்தான். வைதேகி பின்வளவில், தூணைச் சுற்றிச் சுழல்கிற கொடியில் துணி காயவிட்டுக்கொண்டிருந்தாள். வாயில் இரண்டு கிளிப். இவளைக் கண்டதும் அதை எடுத்துவிட்டு, என்னங்க்கா திடீர்னு, காபி போடட்டுமா என்றாள். அடுக்கிய வார்த்தை ஒன்றும் வரவில்லை.

"வைதேகி, உம்மட பேன் பெட்டிக்குள்ள பூச்சி உருண்டை கிடக்கு. உம்மட அவர் போட்டிருக்க வேணும்."

வைதேகி சிரிக்கத் தொடங்கினாள். இரஞ்சிதத்துக்குப் பகிடி பேசத் தெரியாது என்பது நினைவுக்கு வந்ததும் நிறுத்தினாள். உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டாள்.

"நான் திறந்து பாத்தனான். சாப்பாட்டுக்கு வந்த அண்டைக்கு, கதிரை எடுக்கப் போய்."

கொடியில் ஒரு சட்டை காற்றில் சுழன்று இருவருக்கும் நடுவில் வந்து போனது. வைதேகி கையிலிருந்த கிளிப்பைக் கூடைக்குள் போட்டாள். கராஜுக்குள் போனாள். இரஞ்சிதம் பின்னால் போய் வாசலில் நின்றாள். பெட்டியைத் தட்டிலிருந்து இறக்கி, தரையில் குந்தியிருந்து, மூடியைக் கழற்றினாள் வைதேகி. உருண்டைகள் கரைந்து கடலைப்பருப்பு அளவுக்கு வந்திருந்தன. ஒவ்வொன்றாகப் பொறுக்கி உள்ளங்கையில் சேர்த்தாள். கணவனைத் திட்டவில்லை. அவரு எதைக் கண்டாலும் போடுவாருங்க்கா என்று மட்டும் சொன்னாள். அக்கா என்ற வார்த்தையைக் கேட்டு இரஞ்சிதத்துக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. பயத்தில் சொல்லாமல் விட்டதாகவும், என்ன நினைப்பீரோ என்று இருந்ததாகவும், இரவெல்லாம் நித்திரை இல்லை என்றும் சொல்லத் தொடங்கினாள். வைதேகி பொறுக்குவதை நிறுத்தவில்லை. பேசி முடியும்வரை கேட்டாள்.

"அன்னிக்கு நீங்க ரெண்டாந்தரம் பாயசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டீங்க," என்றாள்.

குரலில் கோபம் இல்லை. கணக்கில் ஒரு தொகையைச் சரிபார்க்கிற குரல்.  மன்னித்துவிடும் என்று சொல்ல வேண்டும் என்று இரஞ்சிதம் நினைத்தாள். மாணவிகளுக்கு முன்னால் பத்து வருடம் நின்ற வாய்க்கு அந்தச் சொல் பழக்கமில்லை, வரவில்லை.

வைதேகி பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். பின்வளவில் ஒரு பழைய மேசை கிடந்தது, துணி மடிக்கிற மேசை. அதன்மேல் ஆகஸ்ட் வெயில் விழுந்திருந்தது, இன்னும் குளிர் போகாத வெயில். மூடியைத் தொடக்கூடாது, வெளிச்சம் கூடாது என்ற உத்தரவெல்லாம் இனி எதற்கு என்பதைப்போல அவள் சாக்குப் பட்டிகளை எடுத்து ஒவ்வொன்றாக வெயிலில் விரித்தாள். உள்ளே போய்ப் பேன் பார்க்கிற சின்னப் பூதக்கண்ணாடியை, தன் கைவில்லையைக் கொண்டுவந்தாள். முதல் பட்டியை மடிப்பு மடிப்பாகப் பார்த்தாள். காய்ந்துபோன உமிகள் மாதிரி ஒட்டிக் கிடந்ததைச் சுண்டுவிரல் நகத்தால் தொட்டுப் பார்த்தாள், அது உதிர்ந்தது. இரண்டாவது பட்டியும் அப்படித்தான். வாசனை போவதற்காக மூன்றாவதை உதறாமல் காற்றில் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். இரஞ்சிதம் உதவிக்கு ஒரு பட்டியை எடுக்கப் போனாள். வேண்டாங்க என்றாள் வைதேகி. அந்த வார்த்தையில் அக்கா இல்லை.

அடியிலிருந்த பட்டிகளில், உருண்டைகளுக்கு எட்டத்தில் கிடந்த ஒன்றின் மடிப்பில் அவள் கண் நின்றுவிட்டது. முகத்தை இன்னும் தாழ்த்தினாள். ஒரு பேன் நடக்கிறது என்றாள்.

இரஞ்சிதத்துக்கு வந்தது சந்தோஷம்தான். அந்தச் சந்தோஷத்தின் காலைப் பிடித்துக்கொண்டே, பிளாக்டவுன் கராஜில் தன் பெட்டியில் எத்தனை நடக்கும் என்ற கணக்கும் வந்து நின்றது. விரட்டிப் பார்த்தாள், அது போகவில்லை. தானும் பார்ப்பதற்காகக் கைவில்லைக்குக் கை நீட்டினாள்.

வைதேகி நிமிரவில்லை. "அப்ளிகேஷனுக்குத் திங்கக்கெழமைதானே கடைசி நாள்?" என்று சாக்கைப் பார்த்தபடியே கேட்டாள்.

"ஓம்," என்றாள் இரஞ்சிதம்.

வைதேகி தலையாட்டினாள். கைவில்லையைக் கண்ணை விட்டு எடுக்காமலே பட்டியை ஒரு மடிப்பு நகர்த்தினாள். வெயில் சாக்கு நூல்களுக்குள் இறங்கியிருந்தது. ரெண்டு என்று தனக்குள் எண்ணினாள். மேசைக்கு இந்தப் பக்கம் இரஞ்சிதத்தின் கை நீட்டியபடியே இருந்தது. கொடி சுழன்றபோது ஈரத் துணியொன்றின் நிழல் அந்தக் கையின் மேல் வந்தது, போனது, மறுபடி வந்தது.